பதில் சொல்லும் அரங்கம்: என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

அரங்க ஒலியும் மேடை ஒளியும் எனக்குப் பிழைப்பு. வாரத்தில் ஒரு நாள் கட்டடக்கலை மாணவர்களுக்கு வகுப்பும் எடுக்கிறேன். நடக்கும் நிகழ்ச்சியையும் வந்திருக்கும் கூட்டத்தையும் பொறுத்துத் தன்னை மாற்றிக்கொள்ளும் அரங்கங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், மாணவர்கள், நாடகத் தம்பிகள், சபாக்காரர்கள் என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பி அலுத்துவிட்டது. அதனால் அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை எழுதிக் கீழே பதில் வைத்திருக்கிறேன். மேலிருந்து படித்துக்கொண்டு வாருங்கள். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் போகும்.

“ரெஸ்பான்சிவ் ஆர்க்கிடெக்சர்னா சென்சார் வெச்ச பில்டிங்தானே மேடம்?”

சூழலுக்குப் பதில் சொல்லித் தன்னை மாற்றிக்கொள்ளும் கட்டடம் என்று பொருள். சென்சார் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உள்ளே நடப்பதைக் கவனிக்க ஒன்று வேண்டும், கவனித்ததை வைத்து முடிவெடுக்க ஒன்று வேண்டும், அந்த முடிவுப்படி மாற கட்டடத்தில் ஒரு பாகம் வேண்டும். கவனிப்பதும் முடிவெடுப்பதும் ஒரு ஆளாக இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. பாட்டைக் கேட்டுக்கொண்டே பக்கத் திரையை நாலடி இழுத்துவிடுகிற பணியாளரும் இந்தக் கணக்கில் வருவார்.

பாரிஸில் 1987-இல் திறந்த அரபு உலக நிறுவனத்தின் தெற்குச் சுவரில் கேமரா லென்ஸ் போலச் சுருங்கி விரியும் உலோகக் கண்கள் உண்டு. எல்லாப் பாடத்திலும் அந்தப் படம்தான் முதலில் வரும். அது வெயிலுக்குப் பதில் சொல்லும் கட்டடம். இங்கே நான் பேசுவது பாட்டுக்கும் கூத்துக்கும் கைதட்டலுக்கும் பதில் சொல்பவற்றைப் பற்றி. வெயிலை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம், கூட்டத்தை அப்படிப் போட முடியாது.

“நல்ல ஹாலா ஒண்ணு கட்டினா போதாதா? அது எதுக்கு மாறணும்?”

எதற்கு நல்ல ஹால் என்பதுதான் சிக்கல். காலி அரங்கில் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். தட்டு நின்ற பிறகும் ஒலி சுவருக்குச் சுவர் அலைந்து மெல்ல அடங்கும். அந்த ஒலியின் ஆற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய எடுக்கும் நேரத்தை எதிர்முழக்க நேரம் என்பார்கள். வசனம் புரிய வேண்டிய நாடகத்துக்கு அது 1 வினாடியை ஒட்டி இருந்தால் நல்லது. மேற்கத்திய சிம்பொனிக்கு 2 வினாடி கேட்பார்கள். தேவாலய ஆர்கனுக்கு 4 வினாடி இருந்தாலும் அழகுதான்.

நம் கச்சேரிக்கு எவ்வளவு என்று கேட்டால், என் காதுக்கு 1.5 வினாடியைத் தாண்டினால் மேல்கால ஸ்வரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கஞ்சியாகிவிடும். ஆனால் அதே கச்சேரியில் விளம்பமாக ஒரு ஆலாபனை வரும்போது இன்னும் கொஞ்சம் முழக்கம் இருந்தால் தேவலையே என்று தோன்றும். ஒரே மாலையில் ஒரே கலைஞருக்கே இரண்டு அறைகள் தேவைப்படுகின்றன.

“சும்மா தியரியா, இல்ல நெஜமா எங்கயாவது கட்டியிருக்காங்களா?”

கட்டியிருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது பாரிஸில் இர்காம் என்ற இசை ஆய்வு நிலையத்தின் தரைக்கடியில் 1978-இல் திறந்த ஒரு கூடம். இசையமைப்பாளர் பியேர் பூலெஸ் முன்நின்று உருவாக்கிய நிலையம் அது. கூடத்தின் சுவரிலும் கூரையிலும் முக்கோணப் பட்டகங்கள் வரிசை வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு பட்டகத்துக்கும் மூன்று முகம்: ஒன்று ஒலியை விழுங்கும், ஒன்று கண்ணாடி போல நேராகத் திருப்பும், ஒன்று சிதறடிக்கும். மோட்டார் அவற்றைச் சுழற்றும். கூரையும் பகுதி பகுதியாக ஏறி இறங்கும். இவ்வளவும் சேர்ந்து எதிர்முழக்க நேரத்தை 0.4 வினாடியிலிருந்து 4 வினாடி வரை கொண்டுபோக முடியும். பஞ்சு மூட்டைக்குள் நிற்பது போன்ற ஓர் அறை, அதே சுவர்களோடு, ஒரு பெரிய தேவாலயமாகிவிடுகிறது.

அந்தப் பட்டகங்களுக்கு அவர்கள் வைத்த பெயர் பெரியாக்ட். பழைய கிரேக்க நாடக மேடையில் காட்சி மாற்ற மூன்று முகமும் வரைந்த முக்கோணத் தூண்களைச் சுழற்றுவார்கள், ரோமானியக் கட்டடக்காரர் விட்ருவியஸ் அதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். கண்ணுக்காக இருந்த உத்தி, இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகு காதுக்காகத் திரும்பி வந்திருக்கிறது.

இதை வகுப்பில் சொன்னதும், “பாடப் பாடச் சுழலுமா மேடம்?” என்று கண் விரியக் கேட்பார்கள். பெரும்பாலும் நிகழ்ச்சிக்கு முன்பே ஓர் ஆள் அமைத்து வைப்பதுதான் வழக்கம் என்றதும் முகம் வாடிவிடும். ஏன் வாட வேண்டும்? தம்பூராவுக்குக் கச்சேரிக்கு முன்பு சுருதி சேர்ப்பதை யாரும் குறையாகச் சொல்வதில்லையே.

“ஆடியன்ஸ் எப்படி மேடம் கட்டடத்தை மாத்தும்? அவங்க சும்மா உட்கார்ந்துதானே இருக்காங்க?”

சும்மா உட்காருவதே பெரிய வேலை. 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புதிய அருங்காட்சியகத்தில் ஒரு விரிவுரைக் கூடம் கட்டினார்கள். பேராசிரியர் பேசினால் ஒலி ஐந்து வினாடிக்கு மேல் முழங்கிக்கொண்டே இருந்தது; முதல் சொல் அடங்குவதற்குள் பதினைந்தாவது சொல் வந்துவிடும். அதைச் சரிசெய்யும் வேலை வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து கூடத்தில் பரப்பி, ஓர் ஆர்கன் குழலை ஊதவிட்டு, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய்ப் போட வேண்டும். மெத்தை கூடக்கூட முழக்கம் குறைந்தது. மெத்தைக்குப் பதில் ஆட்களை உட்காரவைத்தாலும் குறைந்தது. அளப்பவர் போட்டிருக்கும் துணிகூடக் கணக்கைக் கெடுக்கிறது என்று தெரிந்ததும், எடுத்த அளவுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரே உடையோடு மறுபடி தொடங்கினாராம். பாஸ்டனில் 1900-இல் திறந்த சிம்பொனி ஹாலுக்கு அவர்தான் ஒலி ஆலோசகர்.

சபைன் ஒலியை விழுங்கும் திறனைத் திறந்த ஜன்னலால் அளந்தார். ஜன்னல் வழியே போன ஒலி திரும்பாது அல்லவா? அந்தக் கணக்கில் ஓர் ஆள் சுமார் அரைச் சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம். இப்போது ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 3,000 கன மீட்டர், பிளாஸ்டிக் நாற்காலி, மொசைக் தரை, விழுங்கும் பரப்பு மொத்தம் 200 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொள்ளளவை 0.161-ஆல் பெருக்கி விழுங்கும் பரப்பால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் வரும்: சுமார் 2.4 வினாடி. 400 பேர் வந்து உட்கார்ந்தால் இன்னொரு 200 சதுர மீட்டர் ஜன்னல் திறந்ததாக அர்த்தம். நேரம் 1.2 வினாடியாகிவிடும்.

பாதிக்குப் பாதி. ஒரு மோட்டார் இல்லை, ஒரு சென்சார் இல்லை. சாயங்காலம் நாலு மணிக்குக் காலி மண்டபத்தில் சவுண்ட் செக் செய்துவிட்டு, ஏழு மணிக்கு “என்னங்க இது, ஒண்ணுமே எடுபடலையே” என்று மைக்காரரைத் திட்டுகிறோமே, அந்த மூன்று மணி நேரத்தில் மாறியது கட்டடம்தான்.

“அப்போ குஷன் சீட் போடறது சொகுசுக்கு இல்லையா?”

சொகுசும்தான். ஆனால் நல்ல அரங்குகளில் காலி இருக்கையும் ஓர் ஆள் உட்கார்ந்தால் விழுங்கும் அளவு ஒலியையே விழுங்கும்படி பார்த்துச் செய்வார்கள். ஒத்திகையில் கேட்டதும் நிகழ்ச்சியில் கேட்பதும் ஒன்றாக இருக்கும். கூட்டத்தால் கட்டடம் மாறிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

“நம்ம தெருக்கூத்துல இதெல்லாம் எப்பவோ இருக்கே அக்கா?”

நாடகத் தம்பிகள் விடாமல் கேட்கும் கேள்வி. ஓரளவு ஒத்துக்கொள்கிறேன். கூத்துக்களத்துக்குச் சுவர் கிடையாது, கூட்டம்தான் சுவர். வேடம் ஆவேசமாக வரும்போது முன்வரிசை பின்னுக்கு நகரும், களம் பெரிதாகும். நள்ளிரவுக்கு மேல் பாதிப் பேர் பாயில் சாய்ந்த பிறகு கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் தூங்குகிறவர்களை வம்புக்கு இழுத்துக் களத்தை மறுபடி இறுக்குவான். திரௌபதி அம்மன் திருவிழாவில் களமே இடம்பெயரும். அர்ச்சுனன் தபசுக்கு நட்ட உயரமான மரத்தின் அடிக்குக் கூட்டம் போகும். பதினெட்டாம் போருக்கு மண்ணில் படுக்கவைத்த பெரிய துரியோதனன் உருவத்தைச் சுற்றிப் படுகளத்துக்குப் போகும். எந்த உயரத்தில் வேடக்காரர், எங்கே மக்கள் என்பதை அன்றைய கதைப்பகுதி தீர்மானிக்கிறது.

ஆனால் இதிலிருந்து “எல்லாம் நாம்தான் கண்டுபிடித்தோம்” என்று தாவினால் எனக்கு உடன்பாடில்லை. கூத்து, கட்டடமே இல்லாமல் இதைச் செய்தது. கான்கிரீட்டும் இரும்பும் வைத்துக் கட்டிய பிறகு அந்த நெகிழ்வைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி என்பது வேறு சிக்கல். இந்தப் பக்கத்தில் வருகிற ஆட்கள் மண்டையை உடைத்துக்கொண்டது அந்தச் சிக்கலோடு.

“கோயில் இசைத்தூண்கள்?”

திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலிலும் ஹம்பி விட்டலர் கோயிலிலும் இருப்பவை கட்டடத்துக்குள் அமைந்த வாத்தியங்கள். தட்டினால் ஒலிக்கும், ஆனால் மண்டபம் மாறுவதில்லை. முதல் பதிலில் சொன்ன மூன்றில், மாறும் பாகம் இங்கே இல்லை. தயவுசெய்து போய்த் தட்டிப் பார்க்காதீர்கள், கல் தேய்கிறது.

“ஃபன் பேலஸ்னு புக்ல வருதே, அது என்ன? போட்டோவே கிடைக்கலை மேடம்.”

கட்டினால்தானே போட்டோ கிடைக்கும். கிழக்கு லண்டனில் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு நடுவே நாடகம் போட்டுக்கொண்டிருந்த இயக்குநர் ஜோன் லிட்டில்வுட்டுக்கு ஒரு கனவு இருந்தது: டிக்கெட் வாங்கி வரிசையில் உட்கார்ந்து இருட்டில் பார்க்கிற அரங்கு வேண்டாம், வந்தவர் எல்லாம் ஆட, கற்க, வேடிக்கை பார்க்க, சும்மா இருக்க ஓர் இடம் வேண்டும். 1960-களின் தொடக்கத்தில் கட்டடக்கலைஞர் செட்ரிக் பிரைஸ் அதற்கு வரைபடம் போட்டார். நிலையாக நிற்பது இரும்புக் கோபுரங்களின் சட்டகம் மட்டும். மேலே துறைமுகத்தில் போல ஓடும் கிரேன்கள். சுவர், தளம், படிக்கட்டு, மேடை, திரை எல்லாம் அந்தக் கிரேன்கள் தூக்கி வைத்து எடுத்து மாற்றக்கூடிய துண்டுகள். நேற்று நாடகம் நடந்த இடத்தில் இன்று பட்டறை.

யார் எப்போது எதைத் தூக்கச் சொல்வது? அங்கேதான் சைபர்நெட்டிக்ஸ் (இயந்திரமும் உயிரும் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் விதத்தை ஆராயும் துறை) ஆளான கார்டன் பாஸ்க் வந்தார். வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கணினி கவனித்து, அதற்கேற்ப இடத்தை மாற்றும் முறையை அவர் குழு வகுத்தது. அவர் தரப்பு வரைபடம் ஒன்றில் ஒரு முனையில் ‘மாற்றப்படாத மக்கள்’ உள்ளே போவார்கள், மறுமுனையில் ‘மாற்றப்பட்ட மக்கள்’ வெளியே வருவார்கள். படித்தால் எனக்கு மாவு மில்தான் நினைவுக்கு வரும். விடுதலைக்காகத் தொடங்கிய திட்டத்தில் அந்த இரண்டு சொல் எப்படி நுழைந்தது என்று ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் ஒரு மணி நேரம் சண்டை நடக்கும். கட்டடம் மக்களுக்குப் பதில் சொல்கிறதா, மக்களைத் தனக்கு ஏற்றபடி அரைக்கிறதா? பின்னால் வரும் பல பதில்களில் இந்தக் கேள்வி தலைகாட்டும்.

லீ ஆற்றுப் பள்ளத்தாக்கில் இடம் பார்த்தும், அனுமதியிலும் பணத்திலும் இழுத்தடித்து, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் திட்டம் கைவிடப்பட்டது. அப்படியே கட்டியிருந்தாலும் பத்து ஆண்டில் பிரித்துவிட வேண்டும் என்பதே பிரைஸின் எண்ணம்.

“கட்டாத கட்டடத்தை எதுக்குப் படிக்கணும்?”

அதன் பேரப்பிள்ளைகள் ஊரெல்லாம் நிற்பதால். பாரிஸில் 1977-இல் திறந்த பொம்பிடு கலை மையம், குழாயும் தூணும் வெளியே, உள்ளே வெறும் வெளி என்று நிற்பதில் இந்த வரைபடத்தின் சாயல் இருக்கிறது. நியூயார்க்கில் 2019 ஏப்ரலில் திறந்த ‘தி ஷெட்’ கலைக்கூடத்தின் கட்டடக்கலைஞர்கள் ஃபன் பேலஸை வெளிப்படையாகவே முன்னோடி என்கிறார்கள். எட்டு நிலைக் கட்டடத்தின் மேல் ஒரு பெரிய கூடு, 120 அடி உயரம், எடை சுமார் 3,600 டன். ஆள் உயரச் சக்கரங்களில் தண்டவாளத்தின் மேல் உருண்டு, ஐந்தே நிமிடத்தில் முன்னாலிருக்கும் திறந்தவெளியை மூடி அரங்கமாக்கிவிடும்.

பார்க்கப் பிரமிப்புதான். ஆனாலும் என் அபிப்பிராயம், ஷெட் சக்கரத்தை எடுத்துக்கொண்டு லிட்டில்வுட்டை விட்டுவிட்டது. கூட்டை உருட்டும் முடிவு நிகழ்ச்சி அட்டவணை போடுகிறவர்களுடையது. உள்ளே நிற்கிறவர் கையில் ஒன்றும் இல்லை. நகர்வது எல்லாம் பதில் சொல்வதாகாது.

பிரைஸ் லண்டன் கென்டிஷ் டவுனில் ஒரு சின்ன வடிவத்தை உண்மையிலேயே கட்டினார், இன்டர்-ஆக்‌ஷன் மையம் என்று. பிற்காலத்தில் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கலாம் என்று பேச்சு எழுந்தபோது, வேண்டாம் என்றவர் அவரே. 2003-இல் இடித்தார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றிய மனிதர்.

“மேடைக்குப் பதிலா ஆடியன்ஸை நகர்த்தினா?”

அதுவும் நடந்திருக்கிறது. 1927-இல் ஜெர்மன் கட்டடக்கலைஞர் வால்டர் கிரோபியஸ், இயக்குநர் எர்வின் பிஸ்காடருக்காக ஓர் அரங்கு வரைந்தார். இருக்கைகளில் ஒரு பகுதியும் மேடையும் ஒரே வட்டில் இருக்கும். வட்டு அரைச்சுற்றுச் சுற்றினால் எதிரே இருந்த மேடை கூட்டத்துக்கு நடுவே வந்துவிடும். அதுவும் காகிதத்தோடு நின்றது. செக் நாட்டின் செஸ்கி க்ரும்லோவ் கோட்டைத் தோட்டத்தில் 1958-இல் தொடங்கிய சுழலும் பார்வையாளர் மேடை நிஜம். முதலில் 60 பேர் உட்காரும் அளவு, கையால் தள்ளிச் சுற்றினார்கள். இன்று மின்சாரத்தில் சுற்றுகிறது. சுற்றிலும் இருக்கும் மரங்களும் மாளிகையும்தான் காட்சி. ஃபின்லாந்தின் தம்பெரே நகரில் ஏரிக்கரையிலும் இப்படி ஒன்று 1959 முதல் உண்டு.

மோட்டாரே வேண்டாம் என்றால் போலந்துக்குப் போக வேண்டும். ஓபோலே ஊரில் இயக்குநர் கிரோடோவ்ஸ்கியும் கட்டடக்கலைஞர் யெர்சி குராவ்ஸ்கியும் ஒவ்வொரு நாடகத்துக்கும் அறையையே புதிதாக அடுக்கினார்கள். 1962-இல் ஒரு நாடகத்துக்கு அறை மனநல மருத்துவமனை. இரும்புக் கட்டில்கள், அவற்றின் மேல் நடிகரும் பார்வையாளரும் கலந்து. 1963-இல் டாக்டர் ஃபாஸ்டஸ் கதைக்கு நீள மேசைகள். ஆன்மாவை விற்றவன் கடைசியாகப் போடும் பந்திக்கு வந்த விருந்தாளிகளாக மக்கள் மேசையில் உட்கார, நடிப்பு அந்த மேசைகளின் மேலேயே நடந்தது. பந்தியில் உட்கார்ந்தவர் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? உடம்பு தானாகவே விருந்தாளியாகிவிடுகிறது. ஒரு தச்சர் வேலைதான். அந்த வேலைக்கு முன்னால் ஷெட்டின் சக்கரங்கள் எனக்குச் சின்னதாகத் தெரிகின்றன.

“கைதட்டினா லைட் மாறணும் மேடம், அவ்ளோதான். ஈஸிதானே?”

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு கல்லூரி விழாவில் கூரையில் மைக் தொங்கவிட்டு, கைதட்டல் ஏற ஏறப் பின்திரையின் நிறம் நீலத்திலிருந்து காவிக்குப் போகும்படி அமைத்தேன். ஒத்திகையில் பத்துப் பேர் தட்டினார்கள், அருமையாக மாறியது. நிகழ்ச்சியில் மிருதங்கத்தின் முதல் சாப்பு விழுந்ததும் திரை சட்டென்று காவியாகி, தனி ஆவர்த்தனம் முழுக்கக் காவியிலேயே நின்றது. அது முடிந்து நிஜமாகவே எல்லோரும் தட்டியபோது மாறுவதற்கு நிறம் மிச்சமில்லை. தப்பு முழுக்க என்னுடையது. மைக் கேட்பது சத்தத்தை. கைதட்டல் என்று அதற்குத் தெரியாது. மேடை ஒலியைத் தனியாக எடுத்துக் கழித்திருக்க வேண்டும்.

இன்னொன்று வேகம். விளக்கு ஒரு வினாடியில் பலமுறை மாறும். திரையும் பலகையும் நகர அரை நிமிடமாவது வேண்டும். இரும்பும் கூரையும் ஐந்து நிமிடத்துக்குக் குறைந்து நகராது. அந்த ஐந்து நிமிடத்தில் பாடகர் ராகத்தை முடித்துக் கிருதிக்குள் போயிருப்பார். அதனால் உடனடிப் பதிலை ஒளிக்கும் ஒலிக்கும் விடுங்கள், இடைவேளைப் பதிலைத் திரைக்கு விடுங்கள், நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறுவதை இரும்புக்கு விடுங்கள். ஒலிக்கே கூட அவ்வளவு அவசரமில்லை: 34 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவரின் கைதட்டல் மேடைக்கு வந்துசேரப் பத்தில் ஒரு வினாடி ஆகிறது.

“சரி, மேடை ஒலியைக் கழிச்சாச்சு. இப்போ கைதட்டல் அளவை வெச்சு ரசனையை அளக்கலாமா?”

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ருமேனியாவிலும் ஹங்கேரியிலும் அரங்குகளில் கைதட்டலைப் பதிவு செய்து ஆராய்ந்தவர்கள் 2000-இல் முடிவை வெளியிட்டார்கள். அங்கெல்லாம் கூட்டத்துக்கு மிகவும் பிடித்துவிட்டால் எல்லோரும் ஒரே தாளத்தில் தட்டத் தொடங்குவார்கள். அப்படிச் சேர்ந்து தட்ட, ஒவ்வொருவரும் தன் வேகத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. விளைவு, சராசரிச் சத்தம் குறைகிறது. ஆர்வம் உச்சத்தில், மீட்டர் கீழே. சத்தத்தை மட்டும் பார்க்கிற கட்டடம் அந்த நேரத்தில் விளக்கை மங்கவைத்துவிடும்.

நம் சபாக்களில் இன்னும் மோசம். நல்ல ரசிகர் தொடையில் தாளம் போடுவார், தலையை ஆட்டுவார், ‘த்சொ’ என்று ஓர் ஒலி எழுப்புவார். எந்த மைக்குக்கும் எட்டாது. அசைவை அளக்கும் சென்சார் வைத்தால், தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்குக் கிளம்பும் கூட்டத்தைப் பார்த்துவிட்டு அதுதான் உற்சாகத்தின் உச்சம் என்று எழுதிக்கொள்ளும். அன்று ரவா தோசை நன்றாக இருந்திருக்கலாம், அவ்வளவுதான்.

“ஆளே இல்லாம முழுக்கத் தானா ஓடற அரங்கு உண்டா?”

நெருங்கி வந்தது ‘அடா’. சுவிட்சர்லாந்தில் நடந்த 2002 தேசியக் கண்காட்சியில், நோய்சாட்டெல் நகரில், சூரிக்கைச் சேர்ந்த நரம்பியல் தகவல் ஆய்வாளர்கள் அமைத்த ஓர் அறை. தரை முழுக்க அழுத்தம் உணரும் அறுகோண ஓடுகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக நிறம் மாறும். கேமராவும் மைக்கும் வந்தவர்களைப் பின்தொடரும். தன் பேச்சைக் கேட்கிறவர் யார் என்று அறை பார்க்கும், அவர் காலடியில் விளக்கால் கோலம் போடும், பிறகு எல்லோரையும் ஒரு விளையாட்டுக்குள் இழுக்கும். பின்னணி இசையும் அறையின் ‘மனநிலைக்கு’ ஏற்ப அங்கேயே உருவாகும். அரை ஆண்டுக்குள் ஐந்து லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள்.

அடாவில் மேடை கிடையாது, கலைஞர் கிடையாது. அறையும் கூட்டமும் மட்டும்தான் என்பதால் அது வேலை செய்தது என்று நினைக்கிறேன். நடுவே ஒரு பாடகரை உட்காரவைத்திருந்தால் இரண்டு தலைமை ஆகியிருக்கும்.

“ஏம்மா, மைக் ஸ்பீக்கர் வெச்சு ஹாலோட முழக்கத்தைக் கூட்டறது ஏமாத்து வேலை இல்லையோ?”

ஒரு சபாப் பெரியவர் ஆண்டுக்கொருமுறை கேட்பார். மாமா, லண்டனிலும் இந்தப் பயம் இருந்தது. 1951-இல் திறந்த ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் முழக்கம் போதவில்லை, அடிநாதம் வறண்டு கேட்டது. 1964 முதல் பீட்டர் பார்கின் என்ற ஒலியியலாளர் கூரையில் சின்னச் சின்ன அதிர்வுப் பெட்டிகளை ஒளித்துவைத்தார். ஒவ்வொரு பெட்டியும் ஒரே ஒரு சுருதிக்கு மட்டும் அசையும். அதற்குள் ஒரு மைக், தள்ளி ஒரு ஸ்பீக்கர். அந்தச் சுருதி அறைக்குள் எழுந்தால் அதைக் கொஞ்சம் நேரம் பிடித்துவைக்கும். பின்னாளில் இப்படி 172 தடங்கள். முதலில் வெளியே சொல்லாமல்தான் ஓட்டிப் பார்த்தார்கள். கேட்டவர்கள் ஹால் நன்றாக இருக்கிறது என்றார்கள். முப்பது ஆண்டுக்கு மேல் அது ஓடியது.

ஏமாற்றா? மரப்பலகை திருப்பினால் நியாயம், கம்பி திருப்பினால் மோசடி என்ற பிரிவினை எனக்கு ஒட்டுவதில்லை. சொல்லாமல் செய்ததுதான் எனக்கு உறுத்துகிறது. மேடையில் இருப்பவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். தன் குரல் எவ்வளவு, அறை எவ்வளவு என்று அவர் கணக்குப் போட்டுத்தான் பாடுகிறார்.

“கேமரா வெச்சு முகத்தைப் படிச்சா துல்லியமா இருக்குமே?”

துல்லியம் வேறு, நியாயம் வேறு. பார்சிலோனாவில் ஒரு நகைச்சுவை அரங்கு 2014-இல் இருக்கைகளின் பின்புறம் முகம் பார்க்கும் கருவி வைத்து, ஒரு சிரிப்புக்கு 30 யூரோ சென்ட் வசூலித்தது. எவ்வளவு சிரித்தாலும் 24 யூரோவுக்கு மேல் இல்லை, அதாவது 80 சிரிப்பு வரை. ஸ்பெயினில் நாடக டிக்கெட் மீதான வரி 8 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாக ஏறிய காலம், கூட்டத்தை இழுக்கச் செய்த உத்தி. கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு சிரிப்புக்கும் மீட்டர் ஓடுகிறது என்று தெரிந்தபின் வருவது பழைய சிரிப்பாக இருக்குமா? பாஸ்கின் மாவு மில் மறுபடி வந்துவிட்டது.

இந்தியாவில் 2023-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலைக் கேட்கச் சொல்கிறது. சட்டம் இருக்கட்டும், என் வழக்கம் இது: முகம் வேண்டாம். தரை அழுத்தம், மொத்த ஒலி, மொத்த வெப்பம் போதும். யார் என்று தெரியாமலே எவ்வளவு என்று தெரிந்துகொள்ளலாம்.

“எங்க ஸ்கூல் ஹால்ல தகரக் கூரை, ஆண்டு விழாவுக்கு ஒண்ணுமே புரியாது. எங்களால என்ன முடியும்?”

பட்டகமும் மோட்டாரும் மறந்துவிடுங்கள். இரண்டு பக்கச் சுவரிலும் கம்பி கட்டி, கனமான பருத்தி ஜமக்காளங்களை வளையம் போட்டுத் தொங்கவிடுங்கள். சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி, சுருக்கம் வைத்துத் தொங்கினால் பேச்சின் ஒலியை நன்றாகப் பிடிக்கும். நாடகத்துக்கு முழுக்க இழுங்கள், சேர்ந்திசைக்குப் பாதி ஒதுக்குங்கள். எவ்வளவு என்று முடிவெடுக்க ஓர் ஆசிரியரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்துக் கையால் சைகை காட்டச் சொல்லுங்கள். முதல் பதிலில் சொன்ன மூன்றும் வந்துவிட்டன. கூட்டம் நிரம்பியதும் (சபைன் கதையை நினைவில் வையுங்கள்) கொஞ்சம் திரையைத் திரும்ப ஒதுக்க வேண்டியிருக்கும்.

தகரத்தில் மழை விழுந்தால் இது எதுவும் உதவாது. நிறுத்திவிட்டு மழை விடும்வரை பிள்ளைகளுக்குச் சுண்டல் கொடுங்கள்.

“பாடிட்டு இருக்கும்போது அறை மாறினா கலைஞருக்குத் தொந்தரவு இல்லையா?”

நிச்சயம் தொந்தரவு, அவரைக் கேட்காமல் செய்தால். ஒரு நடனக் கலைஞர் என்னிடம் சொன்னது மறக்காது: “நீங்க லைட்டைப் பாக்கறீங்க அக்கா, நான் தரையைப் பாக்கறேன். ரெண்டும் ஒரே நேரத்துல நகர்ந்தா நான் விழுவேன்.” அதன் பிறகு எந்த ஏற்பாட்டையும் அறைக்குள் கலைஞரோடு மூன்று நாள் ஒத்திகை இல்லாமல் ஓட்டுவதில்லை. எது மாறும், எது மாறாது என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி மேடைக்குப் பின்னால் ஒட்டிவிடுவேன். தரை மாறாது என்பது எப்போதும் முதல் வரி.

“கட்டடம் தப்பாப் பதில் சொன்னா?”

சொல்லும். அதனால் பெரிய சிவப்பு பட்டன் ஒன்று வைக்கிறேன். அமுக்கினால் எல்லாம் அந்த நொடியில் இருந்தபடியே உறைந்து நிற்கும். இருட்டாகாது, திரை விழாது. முதலில் அதை என் கன்ட்ரோல் மேசையில் வைத்திருந்தேன். இப்போது ஒயர் இழுத்து, பக்கவாட்டில் தம்பூரா போடுகிறவருக்கோ நட்டுவனாருக்கோ கை எட்டுகிற இடத்தில் வைக்கிறேன். இதுவரை இரண்டு முறை அமுக்கியிருக்கிறார்கள். இரண்டு முறையும் அவர்கள் செய்தது சரி.